படையலுக்கு ஒரு முழுத் தட்டு

பெல்மாண்ட், கரியாக்கூ
3 நவம்பர் 2025

அன்புத் தம்பி ஆல்ட்ரிக்குக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். நேற்று கல்லறைத் திருநாளுக்கு அம்மாவின் குழியில் மெழுகுதிரி ஏற்ற வந்தவர்களின் பெயரை விடாமல் எழுதுகிறேன். நான். என் வீட்டுக்காரர் பிட்ஸ்ராய், சரக்குக் கப்பல் காத்திருக்கிறது என்று சொல்லி அரைச் செபத்தோடு போய்விட்டார். மாமா மகள் வில்மா. பக்கத்து வீட்டு ஜஸ்மாவும் அவள் மகளும். கொத்தனார் கத்பர்ட், தன் தாய்க்கு ஏற்றிவிட்டு மிஞ்சிய திரியை நம் அம்மாவுக்கு வைத்தார். பங்குச் சாமியார் தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த குழிக்குப் போனார். அவ்வளவுதான். அம்மா பெற்றதில் ஒன்று இருந்தது, ஒன்று இல்லை. குத்திக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. கணக்கு சரியாக இருக்க வேண்டுமே என்று எழுதுகிறேன்.

ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன், பிறகு சிக்னல் போய்விடுகிறது. யார் போனை வைத்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாமல் மாதக் கணக்கில் பேசாமல் இருக்கிறோம். காகிதத்தில் கத்த முடியாது.

குழியைச் சுற்றி நான் பதித்து வைத்திருந்த சங்குகளைப் புயல் அள்ளிக்கொண்டு போனது உனக்குத் தெரியும். கல் இன்னும் நாட்டவில்லை. அம்மா போய் மூன்று வருடமாகிறது, இன்னும் பெயர் இல்லாமல் படுத்திருக்கிறாள். அதனால் முடிவு செய்துவிட்டேன். ஈஸ்டர் கழிந்த பிறகு, ஏப்ரல் பதினெட்டு சனிக்கிழமை, கல் நாட்டு விருந்து. கத்பர்ட்டிடம் சொல்லியாயிற்று. மேளக்காரர்களிடமும் சொல்லியாயிற்று. முதல் நாள் இரவு, போனவர்களுக்குச் சோறு படைக்கிற பெற்றோர் தட்டு வைக்க வேண்டும். படையல் மேசைக்கு முன்னால் பிள்ளைகள் இரண்டு பேரும் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நீ கேட்டதில்லை, சொல்கிறேன். புயலுக்குப் பிறகு இங்கே எல்லார் வீட்டு வாசலிலும் ஒரு வாளி இருந்தது. கூரைத் தகரத்தை எடுத்துப் போட்டார்கள், மெத்தையை எடுத்துப் போட்டார்கள், ஆனால் உடைந்த பீங்கானைப் போட மனம் வரவில்லை. கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து, யாரும் தொடக்கூடாது என்று பிள்ளைகளை அடித்து வளர்த்த பாத்திரங்கள் அல்லவா. வாளி வாளியாக வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் ஜஸ்மாவின் வாளியை வாங்கி, சில்லுகளைக் கழுவி, பலகையில் சிமெண்டில் பதித்து ஒரு சேவல் செய்து கொடுத்தேன். அவளுடைய புதுச் சுவரில் அதுதான் முதலில் ஏறியது, சிலுவைக்கு முன்னால். அதற்காக அவளைத் திட்டினேன். பிறகு ஆள் மாற்றி ஆள் வாளியோடு வந்தார்கள். கோப்பையும் சாசரும் ஒட்டி விளக்கு, தேநீர்க் குடுவையில் செடி, கரண்டிகளைத் தட்டிச் சப்பையாக்கிக் காற்றுமணி. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உடைத்து உடைத்துக் கற்றுக்கொண்டேன்.

அம்மாவின் நீலப் பூத் தட்டுகள் எல்லாம் என் வீட்டில்தான் இருக்கின்றன. ஒன்றும் வெளியே போகவில்லை.

வருவாயா?

உன் அக்கா
யூலாலி


ஹடர்ஸ்ஃபீல்டு, இங்கிலாந்து
25 நவம்பர்

அக்கா,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டருக்குக் காட்டுகிற மாதிரியே இருக்கிறது.

எனக்கு எழுத வராது. பஸ் ஓட்டியவன். நிறுத்தத்தின் பெயர் மட்டும்தான் எழுதத் தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய்.

அம்மா வந்தாள். கனவில். ஒரு தரம் இல்லை, பல தரம், ஒரே மாதிரி. நான் இந்தச் சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் வாசலிலிருந்து மேசைக்கு வருகிறாள், நீலப் பூத் தட்டில் மீன் சூப்பு ஏந்திக்கொண்டு. மாவுருண்டை மிதக்கிறது, எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. வருகிற வழியெல்லாம் தட்டின் அடியில் ஒழுகுகிறது. அவள் கால் நனைகிறது. மேசைக்கு வருவதற்குள் தட்டு காலி. "பாருடா, ஒழுகிப் போயிடுது" என்கிறாள். கோபம் இல்லை. களைத்துப் போன குரல். அப்புறம் திரும்பிப் போய்விடுகிறாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செத்தவர்கள் சாப்பாட்டுத் தட்டோடு வந்தால் பசி என்று அர்த்தம். அவளை நீ பட்டினி போட்டிருக்கிறாய். கல் நாட்டுகிற நாள்வரை ஏன் காத்திருக்கிறாய்? இப்போதே ஒரு மேசை போட்டுப் படையல் வை. நீலத் தட்டில் வை. அதைத்தான் கையில் பிடித்துக்கொண்டு வருகிறாள்.

தட்டு ஏன் ஒழுகுகிறது என்று மட்டும் புரியவில்லை.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரி லோர்னா போய்ச் சேர்ந்த பிறகு ஒரு அறையில் மட்டும்தான் ஹீட்டர் போடுகிறேன்.

வருவதைப் பற்றிப் பிறகு.

ஆல்ட்ரிக்


பெல்மாண்ட்
15 டிசம்பர்

தம்பி,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார வேண்டியதாகிவிட்டது. வில்மாதான் தபாலைக் கொண்டுவந்தாள். "என்னடி, யாரு செத்தா?" என்றாள். "யாரும் சாகல, செத்தவங்க வந்திருக்காங்க" என்றேன்.

முதலில் என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். அவளைக் குளிப்பாட்டியது நான். கடைசி வருடம் முழுக்க அவள் மலத்தை எடுத்தது நான். கண்ணை மூடியது என் கையால். அதே வீட்டு மண்ணில்தான் இன்னும் படுக்கிறேன். ஒரு நாள்கூட என் கனவில் வந்ததில்லை. செபமாலையைச் சொல்லிவிட்டு, "அம்மா, வா" என்று கூப்பிட்டுவிட்டுப் படுக்கிறேன். விடிந்துவிடுகிறது. கடல் தாண்டி, ஐம்பது வருடம் முன்னால் போனவன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தக் குளிரில், அவள் நடந்து வருகிறாளாம். சரி. வருகிறவர்கள் இஷ்டம்.

இப்போது தட்டு. நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. இங்கே எல்லாரும் பார்த்ததுதான், உனக்கு மட்டும் நான் எழுதவில்லை.

அந்தத் தட்டுகளில் ஓட்டை போட்டது நான்தான்.

எப்படி என்று எழுதுகிறேன், ஏனென்று அதிலேயே தெரியும். அலமாரி விழுந்தபோது கோப்பைகள் எல்லாம் தூள். தட்டுகளில் சில விரிசல், சில முழுசு. புது அறை ஒட்டுப்பலகையில் கட்டியது, அலமாரி வைக்க இடமில்லை. தட்டுகளைத் துணியில் சுற்றி வாளியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அங்கே எலி ஓடியது. ஒரு நாள் விளக்குமாற்றை விட்டபோது அவை ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அப்பா அரூபா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்துக் கப்பலில் கொண்டுவந்த தட்டுகள், எலிக்கும் விளக்குமாற்றுக்கும் நடுவில். எனக்குத் தாங்கவில்லை. மேலே ஏற்ற வேண்டும் என்று தோன்றியது.

தட்டைக் கவிழ்த்து நடுவில் ஒட்டுத்தாள் ஒட்டி, தொட்டியில் மடித்த துண்டின் மேல் வைத்துத் தண்ணீர் மூட விட்டு, கத்பர்ட்டின் பேட்டரி டிரில்லை மெதுவாகக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பிளந்துவிடும். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லித்தான் ஆரம்பித்தேன். பெரிய தட்டு, நடுத்தரத் தட்டு, சின்னத் தட்டு என்று மரை போட்ட கம்பியில் கோத்து, சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் வைத்து மூன்று அடுக்குத் தாங்கி செய்தேன். கோயில் பீடத்தில் பூ வைக்க ஒன்று போயிருக்கிறது, அது இரவல், திரும்பி வரும். இன்னொன்று என் மேசையில். சூப்புத் தட்டு இரண்டு கவிழ்ந்து விளக்காகத் தொங்குகின்றன. மிச்சத்தைச் சங்கிலியில் கோத்து சன்னலில் விட்டிருக்கிறேன், காற்றடித்தால் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம். விரிசல் விட்டவற்றைக் கல்லறையில் பதிக்க ஒதுக்கியிருக்கிறேன்.

அழகாக இருந்தது, தம்பி. வெறும் பலகைச் சுவர் வீடு மாதிரி ஆனது. நான் தப்பாக எதுவும் நினைக்கவில்லை. நீ ஒழுகுகிறது என்று எழுதும்வரை.

ஆக, முழுத் தட்டு ஒன்றுகூட இல்லை. ஓட்டைத் தட்டில் படையல் வைத்ததாக இந்தத் தீவில் நான் கேள்விப்பட்டதில்லை. நிவாரணத்தில் வந்த காகிதத் தட்டில் வைக்க என் கை வராது.

ஆனால் ஒன்று இருக்க வேண்டும். நீ கப்பல் ஏறிய அன்று அம்மா ஒரு தட்டைத் துண்டில் சுற்றி உன் பெட்டியில் வைத்தாள். "அங்க யார் வீட்டுத் தட்டுலயும் தின்னு நிக்காத" என்று சொன்னாள், நான் பக்கத்தில் நின்றேன். அடியில் அவளுடைய சிவப்புப் பெயின்ட் சிலுவை இருக்கும், விருந்துக்கு இரவல் போனால் வீடு திரும்ப எல்லாத் தட்டிலும் போட்டிருந்தாளே, அது. அதைக் கொண்டு வா. வரமாட்டாய் என்றால் அனுப்பு. கொண்டு வந்தால் நல்லது.

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்.

யூலாலி


ஹடர்ஸ்ஃபீல்டு
9 ஜனவரி 2026

யூலாலி அக்கா,

ஓட்டை போட்டாயா. அம்மாவின் தட்டில்.

நான் இதைப் பலமுறை படித்தேன். நடுவில் மந்திரம் சொன்னாயாம். இங்கே கடைகளில் இந்த மாதிரி அடுக்குத் தட்டு விற்கிறார்கள், கேக் வைத்துப் படம் பிடிப்பதற்கு. அம்மா அதற்கா ஆயுள் முழுக்க அலமாரியைத் துடைத்தாள்? பாத்திரம் கழுவுகிற சத்தம் வேண்டுமென்றால் பாத்திரம் கழுவு.

பாவம், அவள் அதைத்தான் எனக்குச் சொல்ல வந்திருக்கிறாள். நான் மண்டு, பசி என்று நினைத்தேன். அவளுக்குச் சாப்பாடு இருக்கிறது, வைத்துச் சாப்பிடத்தான் ஒன்றும் இல்லை.

நீ சொல்கிற தட்டு என்னிடம் இருந்தது உண்மை. எங்கே என்று தெரியவில்லை. லோர்னாவின் அலமாரிகளை எல்லாம் திறந்தேன். ஒரு வருடமாகத் திறக்காதவை. தட்டு இல்லை. அவள் கையுறைகள் இருந்தன, ஜோடி ஜோடியாக. மூடிவிட்டேன். தொலைந்திருக்கும், உடைந்திருக்கும், அவள் யாருக்காவது கொடுத்திருப்பாள். இப்போது நான் தட்டில் சாப்பிடுவதே இல்லை. கடையிலிருந்து பெட்டியில் வருகிறது, பெட்டியிலேயே சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைப் போட்டுவிடுகிறேன். பெரும்பாலும் நின்றுகொண்டே.

கல் நாட்டு. மேளம் அடி. சேவல் செய்து மாட்டு. நான் வரவில்லை. ஓட்டைத் தட்டுக்கு முன்னால் நின்று எனக்கு அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆல்ட்ரிக்


பெல்மாண்ட்
2 பிப்ரவரி, மெழுகுதிரித் திருநாள்

ஆல்ட்ரிக்,

உன் கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இரவல் போன தட்டு எதுவும் இந்த ஊரில் ஒழுங்காகத் திரும்பியதில்லை என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. எத்தனை கல்யாணம், எத்தனை விருந்துக்கு அம்மா தட்டு கொடுத்திருப்பாள். எங்காவது ஒரு வீட்டில் சிவப்புச் சிலுவையோடு ஒன்று முழுசாக உட்கார்ந்திருக்கலாம் என்று வீடு வீடாகப் போனேன். தீவின் அந்தக் கோடியில் விண்ட்வர்டு வரைக்கும் போனேன். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள், காபியோடு ரொட்டி வந்த தட்டைத் தூக்கி அடியைப் பார்த்தேன். ஒரு வீட்டில் அந்தம்மா கேட்டேவிட்டாள்: "என்ன யூலாலி, எறும்பா?" "இல்ல, எங்கம்மா" என்றேன். அவள் மிச்சத் தட்டுகளையும் எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். புயலுக்குப் பிறகு இங்கே யாரும் யாரையும் பைத்தியம் என்று சொல்வதில்லை.

கடைசியில் ஜஸ்மா, தன்னிடம் மிச்சம் ஒரு வாளி இருப்பதாகச் சொன்னாள். கொட்டப் போனேன்.

"கொட்டாத யூலாலி. அதுல எங்கம்மா மானம் இருக்கு."

"உங்கம்மா மானத்தை நான் கழுவித்தான் வைப்பேன், பயப்படாத."

கொட்டினேன். நீலப் பூ. திருப்பினால் சிவப்புச் சிலுவை, பாதி.

"ஜஸ்மா, இது யாரோடது?"

"விருந்துக்கு வாங்கிட்டு வந்தது. என் ஞானஸ்நானத்துக்குன்னு நெனைக்கிறேன்."

"நீ ஞானஸ்நானம் வாங்கி அறுபது வருஷம் ஆச்சுடி."

"குடுக்கணும்னுதான் எங்கம்மா சொல்லிட்டே இருந்தா. புயல் முந்திக்கிச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுகிறேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சில்லை வாங்கி வந்தேன். கல்லறையில் தலைமாட்டில் அதைப் பதித்துவிட்டேன், சிலுவை மேலே தெரிகிற மாதிரி, பூ மண்ணைப் பார்க்கிற மாதிரி. கத்பர்ட் நின்று பார்த்துவிட்டு, "பூவைக் கவுத்துட்டீங்களே அக்கா, ஜனங்க பூவத்தான பாப்பாங்க" என்றார். "பூ அவளுக்கு" என்றேன்.

ஆக, முழுத் தட்டு இல்லை. இருந்தாலும் கல் நாட்டத்தான் போகிறேன். நீ வராவிட்டால் வராதே.

என் அடுக்குத் தாங்கியைக் கழற்ற முயன்றேன். கழற்றினால் ஓட்டை மட்டும்தான் மிஞ்சும் என்று தோன்றியது, திரும்ப மரையை முறுக்கிவிட்டேன். சன்னலில் தொங்கியதை இறக்கிவிட்டேன். இப்போது காற்றடித்தால் வீட்டில் சத்தம் எதுவும் இல்லை. பிட்ஸ்ராய் வர இன்னும் நாளாகும். பிள்ளைகள் டொரான்டோவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் நான் சாமியிடம் பேசுகிறேன், அவரும் உன்னைப் போலத்தான், சுருக்கமாகப் பதில் சொல்கிறார்.

நீ கையுறைகளைப் பற்றி எழுதிய வரியை நான் பல தரம் படித்தேன். லோர்னா போனபோது நான் சரியாக எழுதவில்லை. புயலில் கூரை இல்லை, அதனால் என்று சொல்லலாம். சொல்லவில்லை.

நின்றுகொண்டு சாப்பிடாதே.

யூலாலி


ஹடர்ஸ்ஃபீல்டு
23 பிப்ரவரி

அக்கா,

தட்டு கிடைத்துவிட்டது.

இது கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்.

நீ நின்றுகொண்டு சாப்பிடாதே என்று எழுதியிருந்தாய். சரி என்று பெட்டியைத் திறந்து மேசையில் வைத்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் எதிரே சுவர்க் கடிகாரம். நின்றால் அது முதுகுக்குப் பின்னால். கடிகாரம் ஓடவில்லை. எப்போது நின்றதென்று தெரியாது. லோர்னா இருந்தவரை அவள்தான் பேட்டரி மாற்றுவாள், நான் இத்தனை நாளாகப் போனில் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பேட்டரி போடலாம் என்று இறக்கினேன். திருப்பினேன். இயந்திரத்துக்குப் பக்கத்தில், கருத்துப்போன சிவப்பில், ஒரு சிலுவை.

திரும்ப அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பாடு ஆறிவிட்டது.

பிறகுதான் ஞாபகம் வந்தது. நான் ஓய்வு பெற்ற வருடம் லோர்னா நூலகத்தில் கைவேலை வகுப்புக்குப் போனாள். "உங்க ஊர்த் தட்டு ஒண்ணு சும்மாதானே கெடக்கு, எடுத்துக்கவா?" என்று கேட்டாள். நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்கோ என்று சொல்லியிருப்பேன். அவள் பூக்களின் மேல் எண்களை ஒட்டி, விளிம்புக்குத் தங்க வண்ணம் அடித்து, நடுவில் ஓட்டை போட்டு முள் வைத்துவிட்டாள். இத்தனை வருடம் தினமும் பார்த்திருக்கிறேன். நேரத்தைத்தான் பார்த்தேன். தட்டைப் பார்க்கவே இல்லை.

பக்கத்து வீட்டு பிரையனைக் கூப்பிட்டு முள்ளைக் கழற்றச் சொன்னேன், என்னிடம் திருப்புளி இல்லை. "ஏன் தாத்தா, நல்ல கடிகாரம் தானே, பேட்டரி போட்டா போதும்" என்றான். "இது கடிகாரம் இல்லப்பா" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

எண்களைச் சுரண்டி எடுத்துவிட்டேன். பூ நன்றாகவே இருக்கிறது. தட்டைத் தூக்கிப் பிடித்தால் ஓட்டை வழியாகச் சமையலறைச் சுவர் தெரிகிறது.

உனக்கு எழுதியதை நினைத்துப் பார்த்தேன். பாத்திரம் கழுவு என்றெல்லாம் எழுதினேனே. அதை நீ வைத்திருந்தால் கிழித்துவிடு. கனவில் அவள் கையில் இருந்தது உன்னுடைய தட்டா, இந்தத் தட்டா? இந்தச் சமையலறையில்தானே நடந்தாள். ஒழுகியது இதிலிருந்துதானே இருக்கும்.

இன்னொன்று. அம்மாவின் சாவுக்கு நான் வராததற்கு லோர்னாவின் நோய்தான் காரணம் என்று எல்லாருக்கும் சொன்னேன். அதுவும் காரணம். ஆனால் லோர்னா "போயிட்டு வா, என் தங்கச்சி வந்து பாத்துக்குவா" என்றாள். நான் போகவில்லை. குழியைப் பார்த்துவிட்டால் அப்புறம் எனக்கு அங்கே யாரும் இல்லை என்று ஆகிவிடும். பார்க்காதவரை அவள் அங்கே கோழிக்குச் சோளம் போட்டுக்கொண்டிருப்பாள்.

படையலுக்கு ஓட்டைத் தட்டு ஆகுமா ஆகாதா? உனக்குத்தான் கோயில் வழக்கமும் தெரியும், ஊர் வழக்கமும் தெரியும். ஆகாது என்றால் சொல்லிவிடு. கையில் ஒன்றும் இல்லாமல் வருவதைவிட வராமல் இருப்பது நல்லது.

ஆல்ட்ரிக்


பெல்மாண்ட்
14 மார்ச்

அன்புத் தம்பி ஆல்ட்ரிக்குக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். ஆகுமா என்று கேட்டாய். நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. சாமியாரிடம் கேட்டால் படையலே ஆகாது என்பார், ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நானே உட்கார்ந்து உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். (கிழிக்கச் சொன்னதைக் கிழிக்கவில்லை. எல்லாம் இருக்க வேண்டும்.)

நவம்பரில் எழுதியதை நீயும் நினைத்துப் பார். மீன் சூப்பு என்று எழுதியிருக்கிறாய். தம்பி, பெற்றோர் தட்டில் நாம் என்றைக்காவது சூப்பு வைத்திருக்கிறோமா? உருட்டிய சோறு, உருட்டிய சோளக் களி, துவரை, புகை போட்ட மீன், கோழி. எல்லாம் உருண்டையும் துண்டும். தண்ணீராக வைப்பது ரம் மட்டும்தான், அதுவும் கோப்பையில். நீ ஊரை விட்டுப் போய் இத்தனை வருடத்தில் மறந்துவிட்டாய். நான் இங்கேயே இருக்கிறவள், எனக்கும் தோன்றவில்லை. ஒழுகுகிறது என்றதும் என் ஓட்டைதான் கண்ணில் நின்றது. சூப்பைப் பார்க்கவே இல்லை.

அம்மா மீன் சூப்பைத் தட்டில் ஊற்றியது ஒரே ஒரு ஆளுக்குத்தான். உனக்குக் காய்ச்சல் வந்தால், கிண்ணத்தில் கொடுத்தால் ஆறுகிறவரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்வாய் என்று அலமாரியைத் திறந்து அந்த நல்ல தட்டை எடுத்து அகலமாக ஊற்றி விசிறுவாள். எனக்குக் கிண்ணம்தான். அன்றைக்கு எனக்கு அதில் பொறாமை, இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

வாசலிலிருந்து மேசைக்கு வருகிறாள் என்று எழுதினாய். மேசையில் யார் உட்கார்ந்திருந்தது? நீ. பசிக்கிறவள் தட்டை ஏந்திக்கொண்டு வேறொருவன் மேசைக்கு ஏன் வருகிறாள்? அவள் கேட்டு வரவில்லை, ஆல்ட்ரிக். கொண்டு வந்தாள். நீ பெட்டியில் வாங்கி நின்றுகொண்டு தின்கிறாய் என்று தெரிந்து கொண்டு வந்திருக்கிறாள், உன்னிடம் வந்து சேருவதற்குள் ஒழுகிவிட்டது. அதுதான் அவளுக்குக் களைப்பு.

எனக்கு ஏன் வரவில்லை என்பதற்கும் இதுதான் பதில் என்று நினைக்கிறேன். நான் பட்டினி இல்லை. ஜஸ்மா தினம் ஏதாவது ஒரு கிண்ணத்தோடு வந்துவிடுகிறாள், கிண்ணத்தைத் திரும்பக் கொடுத்தேனா என்றும் கேட்டுவிடுகிறாள். நியாயமான பதில்தான். ஆனாலும் ஒரு தரம் வந்து வெறுமனே உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கலாம். அதை அவளிடம் படையல் அன்று நேரிலேயே சொல்லப் போகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆகும். களி உருண்டையை இறுக்கமாக உருட்டி ஓட்டையின் மேல் வைத்தால் அடைத்துக்கொள்ளும், ஒழுக ஒன்றும் இல்லை. உன் தட்டு மேசை நடுவில் இருக்கும். என் அடுக்குத் தாங்கி பக்கத்தில், பீடத்திலிருந்து இன்னொன்று ஈஸ்டர் பூவோடு அதற்குள் திரும்பிவிடும். ஓட்டை போட்ட தட்டுகள் எல்லாம் ஒன்றாக நிற்கட்டும், லோர்னாவுடையதும் சேர்த்து. அவளுக்கும் அதில் ஒரு உருண்டை வைப்பேன். அவள் கையால் போட்ட ஓட்டை என்னுடையதைவிட ஒழுங்காக இருக்கும், பார்க்க வேண்டும்.

சன்னலில் இறக்கியதைத் திரும்ப மாட்டிவிட்டேன். குழியைப் பற்றி நீ எழுதியதற்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. குழி இருக்கிறது, பொய் சொல்ல முடியாது. பக்கத்தில் நான் நிற்பேன். கல்லைத் தூக்கி வைக்கும்போது தலைமாட்டுப் பக்கம் மகன் பிடிக்க வேண்டும் என்று கத்பர்ட் சொல்கிறார். நீ இல்லாவிட்டால் பிட்ஸ்ராய் பிடிப்பார், கப்பல் வந்தால்.

வந்த அன்று உனக்கு மீன் சூப்பு. எனாமல் கிண்ணத்தில்தான், ஓட்டை இல்லாதது என்னிடம் அது ஒன்றுதான் இருக்கிறது. ஆறும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறேன்.

விருந்து ஏப்ரல் பதினெட்டு. தபால் மூன்று வாரம் எடுக்கிறது, அதனால் இந்த ஒரு தடவை போனிலும் சொல்லலாம், நான் அழமாட்டேன். எந்த நாள், எந்தப் படகில் வருகிறாய் என்று தெரிய வேண்டும், துறைக்கு வர. பதிலைச் சீக்கிரம் சொல்.

உன் அக்கா
யூலாலி